ஏழு தலைமுறைக்கு ரிட்டர்ன் போட்ட சார்வாள்

வருமான வரி வெப்சைட்டுக்குள்ள ஒரு மனுசன் குடியிருக்க முடியும்னா அது எங்க ஆவுடையப்பன் சார்வாள்தான். இத நான் சொல்லல, அவரே சொல்லுவாரு. கேட்டாலும் சொல்லுவாரு, கேக்காட்டாலும் சொல்லுவாரு.

என் பேரு சண்முகவடிவு. அம்பாசமுத்திரத்துல தாலுகா ஆபீசுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேசன் மெசின். சார்வாள் ஹைஸ்கூல்ல பூகோளம் எடுத்து ரிட்டயர் ஆனவரு. ஜூலை பொறந்துட்டா என் ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்துருவாரு. வாத்தியாருங்க, நர்ஸுங்க, பென்சன்காரங்க எல்லாத்துக்கும் ரிட்டர்ன் போட்டுக் குடுப்பாரு. காசு வாங்க மாட்டாரு. ஒரு டீ, ஒரு ஆமவடை, அப்புறம் அவரு சொல்லுததக் கேக்கணும். இந்த மூணாவதுதான் கொஞ்சம் விலை கூட.

அன்னைக்கு ஆகஸ்ட் இருபத்தொன்பது. காலையில பதினோரு மணி இருக்கும். ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற ஜெபமணி சிஸ்டர் யூனிஃபார்மோட உள்ள வந்தாங்க. இந்த விசயமா அவங்க வாரது நாலாவது தடவ.

"சார்வாள், எனக்கு இன்னும் ரீஃபண்ட் வரல. என்கூட வேல பாக்கவங்களுக்கெல்லாம் பத்து நாள்ல வந்துட்டு."

சிஸ்டருக்குப் போன வருசம் அரியர்ஸ் வந்தப்ப ஆபீஸ்ல வரியக் கூடுதலாப் புடிச்சுட்டாங்க. நாப்பத்து மூவாயிரம் திரும்பி வரணும். அந்தப் பணம் அவங்க வீட்டுக்காரர் செல்வினோட காதுக்கு. செல்வின் ஆட்டோ ஓட்டுதாரு. ரெண்டு காதும் மந்தமாயிட்டு. போன மாசம் பின்னால வந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, ஆட்டோவ ஒரசிட்டே போயிட்டான். கண்ணாடியோட போச்சு, ஆளுக்கு ஒண்ணுமில்ல. அன்னையிலருந்து அவரு வண்டிய எடுத்துட்டுப் போனா திரும்பி வார வரைக்கும் சிஸ்டருக்கு உசுரு கையில இல்ல. திருநெல்வேலியில காது மெசினுக்கு அளவு குடுத்தாச்சு. பணத்தக் கட்டுனா மறுநாளே மாட்டி விட்டுருவாங்களாம்.

சார்வாள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்ல. வடையப் பிட்டு வாயில போட்டுக்கிட்டு நிதானமா ஆரம்பிச்சாரு.

"யம்மா ஜெபமணி, உன் ரீஃபண்ட் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இப்ப உன் பூட்டன்கிட்ட நிக்கி."

"எந்தப் பூட்டன்?"

"அத இனிமேத்தான் கண்டுபுடிக்கணும். மொதல்ல நான் சொல்லுததக் கேளு."

பெஞ்சுல குத்தாலம் அண்ணாச்சி ரேசன் கார்டு ஜெராக்ஸுக்குக் காத்திருந்தாரு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், சார்வாளோட ஒண்ணாப் படிச்சவரு. பையில சில்லறைய வச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லுதவன் எவன்னு முப்பத்தொரு வருசம் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்ச மனுசன். அவரு ரேசன் கார்ட மடியில வச்சுக்கிட்டு, "ஆரம்பியும்வே, எனக்கு இன்னைக்கு வேல ஒண்ணும் கெடையாது"ன்னாரு.

"அந்த வெப்சைட்டுக்குள்ள போவும்போது கோணல்மாணலா எழுத்து வருமே, நீ மனுசன்தானான்னு சோதிக்கதுக்கு. எனக்கு வராது. என் கை மவுஸ்ல பட்ட ஒடனே 'வாங்க சார்வாள்'னு தானாத் தொறக்கும். உள்ள போக வார ஓடிபி பதினஞ்சு நிமிசத்துல செத்துப்போகும்பாங்க. நான் சாப்புட்டுட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு வார வரைக்கும் என் ஓடிபி உசுரோட கெடக்கும்."

"போன மாசம் அந்தக் கோணல் எழுத்த ஆறு தடவ தப்பா அடிச்சுட்டு, என்னையக் கூப்புட்டு வாசிக்கச் சொன்னீரே, அது யாருவே?" குத்தாலம் அண்ணாச்சி கேட்டாரு.

"உமக்குக் கண்ணு நல்லா இருக்கான்னு பாத்தேன். குறுக்கப் பேசாதேயும்." சார்வாள் டீய ஒரு உறிஞ்சு உறிஞ்சாரு. "நான் மொத மொதல்ல ரிட்டர்ன் போட்ட வருசம் நடந்தது இது. மொதல் பேரு கேட்டுது, ஆவுடையப்பன்னு போட்டேன். கடைசிப் பேரு கேட்டுது. நமக்கு ஏதுவே கடைசிப் பேரு? இனிசியல்தான இருக்கு. 'எஸ்'னு போட்டேன். அதெல்லாம் செல்லாது, முழுசாப் போடுன்னு செவப்பு எழுத்துல திட்டுது. சரின்னு எங்க அப்பா பேரப் போட்டேன், சுடலைமுத்துன்னு. பட்டன அமுக்குனேன் பாரும், 'வணக்கம் சுடலைமுத்து'ன்னு வந்துட்டு."

இது எல்லாருக்கும் நடக்கதுதான், பாத்துக்கிடுங்க. பான் கார்டுல அப்பா பேரு, பேங்க்ல இனிசியல், ஆதார்ல ரெண்டும் சேந்து ஒண்ணு. இந்த மூணும் ஒத்துப்போகலன்னு என் கடையில அழுதுட்டுப் போனவங்க எத்தனையோ பேரு. அதனால இது வரைக்கும் சார்வாள் சொன்னத நானும் நம்புனேன்.

"எங்க அப்பா செத்து அப்ப இருவது வருசம்," சார்வாள் சொன்னாரு. "ஆனா வெப்சைட்டு விடல. சுடலைமுத்து, உன் தொழில் என்னன்னு கேட்டுது. அப்பா மாட்டுத் தரகரு. தரகு எவ்வளவு, பில்லு எங்கன்னு கேட்டுது. மாட்டுத் தரகுல ஏதுவே பில்லு? துண்டப் போத்தி, துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுப் பேசுறதுதான. நான் என்ன செஞ்சேன்? தோள்ல கெடந்த துண்ட எடுத்து மவுஸ் மேல போட்டேன். துண்டுக்குள்ள கைய விட்டேன். ரெண்டு வெரல அமுக்குனேன்."

"வெப்சைட்டு என்ன செஞ்சுது?"

"அது அஞ்சு வெரல அமுக்குச்சு."

ஜெபமணி சிஸ்டர் என்னையப் பாத்தாங்க. நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

"நான் விடல. ரெண்டுலயே நின்னேன். அது நாலுக்கு வந்துது, மூணுக்கு வந்துது. கடைசியில ரெண்டரையில முடிஞ்சுது. மவுஸ் வேர்த்துப்போச்சுவே. துண்டப் புழிஞ்சா தண்ணி கொட்டுது. எங்க அப்பா வரிபாக்கி அத்தோட தீந்துது. ஆனா அடுத்த பக்கம் போனா, சுடலைமுத்துவுக்குக் கடைசிப் பேரு என்னன்னு கேக்கு."

"போச்சுடா"ன்னாரு குத்தாலம் அண்ணாச்சி.

"எங்க தாத்தா மாடக்கண்ணு பேரப் போட்டேன். 'வணக்கம் மாடக்கண்ணு'. தாத்தாவுக்கு வயக்காவல் வேல. சம்பளம் நெல்லு. ரூவாயில போடுங்குது வெப்சைட்டு, நான் நெல்லளவு கோட்டையிலதான் போடுவேன்னுட்டேன். பன்னெண்டு கோட்ட நெல்லுன்னு அடிச்சேன். கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளருந்து கரகரன்னு சத்தம். தொறந்து பாத்தா உள்ள ஒரு சாண் உயரத்துக்கு உமி."

"நெல்லுக்குத்தான் வரியே கெடையாதேவே?"

"அதத்தான் நானும் சொன்னேன். வெப்சைட்டு மன்னிப்புக் கேட்டுது."

ஜெபமணி சிஸ்டர் மெதுவா எழுந்து என் பக்கம் வந்தாங்க. "வடிவு, சார்வாள் இப்போதைக்கு முடிக்க மாட்டாரு. எனக்குப் பன்னெண்டு மணிக்கு டூட்டி. நீயாவது ஒரு தடவ தொறந்து பாரு. பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கு"ன்னு சின்ன டைரிய நீட்டுனாங்க.

நான் மொதல் கம்ப்யூட்டர்ல அவங்க கணக்கத் தொறந்தேன். எனக்குக் கோணல் எழுத்து வந்துது. ரெண்டாவது தடவையில சரியா அடிச்சேன். உள்ள போயிப் பாத்தேன். ரிட்டர்ன் போட்டிருக்கு, ஜூலை முப்பதாம் தேதி. அதுக்குக் கீழ, 'இன்னும் வெரிஃபை செய்யப்படவில்லை'ன்னு நிக்கி.

ரிட்டர்ன் போட்டா மட்டும் போதாது, பாத்துக்கிடுங்க. போட்டது நான்தான்னு முப்பது நாளைக்குள்ள ஒரு ஓடிபி அடிச்சு உறுதி சொல்லணும். சொல்லாட்டி போட்டதும் போடாததும் ஒண்ணுதான். அபராதம் கட்டி, ஏன் லேட்டுன்னு காரணம் எழுதி, மறுபடியும் காத்துக் கெடக்கணும். முப்பதாவது நாள் அன்னைக்குத்தான்.

எப்பவும் இந்தக் கடைசி வேலைய நான்தான் செய்வேன். சார்வாள் 'முடிஞ்சுது'ன்னு எந்திரிச்சு டீக்குப் போவாரு, நான் அந்த ஆளோட போன வாங்கி ஓடிபி அடிச்சு விடுவேன். ஜூலை முப்பதாம் தேதி எங்க மதினி மகளுக்குக் கல்யாணம். நான் சங்கரன்கோவில் போயிட்டேன். அன்னைக்கு சார்வாள்கிட்ட ரிட்டர்ன் போட்டது இவங்க ஒருத்தங்கதான்.

"சிஸ்டர், ஆதார்ல இருக்கிற போன எடுங்க. ஒரு நம்பர் வரும்."

சிஸ்டர் மொகம் வெளிறிப்போச்சு. "ஆதார்ல இருக்கது அவரு நம்பர் வடிவு. போன் அவருகிட்டல்லா இருக்கு. கல்லிடைக்குறிச்சிக்கு சவாரி போயிருக்காரு."

அதுக்குள்ள நான் பட்டன அமுக்கிட்டேன். ஓடிபி போயிட்டு. பதினஞ்சு நிமிசம். விட்டா சிஸ்டர் டூட்டிக்குப் போயிருவாங்க, அப்புறம் இன்னைக்குள்ள மறுபடி அனுப்பி நம்பர வாங்க ஆளில்ல. சிஸ்டர் அவங்க போன்லருந்து கூப்புட்டாங்க. அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. மறுபடியும் கூப்புட்டாங்க. செல்வினுக்கு எங்க கேக்கப் போவுது?

அந்தப் பக்கம் சார்வாள் ஏழாவது தாத்தாவுக்குப் போயிட்டாரு.

"பாபநாசம் மலையில புலி புடிச்சு வித்தவருவே அவரு. வெப்சைட்டு வாங்குன தேதி கேக்கு, வித்த தேதி கேக்கு. காட்டுல புடிச்ச புலிக்கு வாங்குன தேதி ஏது? ஒரு வருசத்துக்குள்ள வித்தா ஒரு வரி, வச்சிருந்து வித்தா கொறஞ்ச வரி. எங்க தாத்தா லேசுப்பட்ட ஆளா? அந்தப் புலிய ஒரு வருசம் ஒரு நாள் வீட்டுலயே கட்டிப்போட்டு, கஞ்சி ஊத்தி வளத்து, அதுக்கப்புறந்தான் வித்திருக்காரு."

"புலி கஞ்சி குடிக்குமாவே?"

"வரி கொறையும்னா நீருகூடத்தான் குடிப்பீரு."

"அந்தக் காலத்துல இந்த வரியே கெடையாதேவே."

"அதான் சொல்லுதேன், அவருக்கு அவ்வளவு முன்யோசன."

மூணாவது தடவ செல்வின் போன எடுத்துட்டாரு. "வண்டி ஓட்டுதேன், அப்புறம் பேசுதேன்"னு ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டு வச்சுட்டாரு. இந்தப் பக்கம் என்ன சொன்னோம்னு அவருக்குத் தெரியவே தெரியாது. சிஸ்டர் பல்லக் கடிச்சுக்கிட்டு மறுபடியும் கூப்புட்டாங்க. எட்டு நிமிசம் போயிட்டு.

இந்தத் தடவ ஒரு பொம்பள கொரலு. "அலோ, நான் ஆட்டோவுல பின்னால உக்காந்திருக்கேன். போன் அடிக்கது டிரைவருக்குக் கேக்கல. தட்டுனேன், அவரு எங்கிட்டக் குடுத்துட்டாரு. என்ன வேணும்?"

"யக்கா, நல்லாருப்பீங்க. அதுல ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். அத மட்டும் வாசிங்க."

அந்தம்மா மெசேஜ வாசிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க, "இத யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுல்லா போட்டிருக்கு."

"நான் அவரு வீட்டுக்காரிக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. எங்க சம்பந்தி வீட்டுல இப்படி நம்பரச் சொல்லித்தான் எண்பதாயிரம் போச்சு."

சிஸ்டருக்குக் கண்ணு கலங்கிட்டு. நான் போன வாங்கி, "யம்மா, இது ஜெராக்ஸ் கடை, நான் வடிவு பேசுதேன்"னேன். அது இன்னும் மோசமாப் போச்சு. "பாத்தீங்களா, இப்ப வேற ஆளு"ங்குது அந்தம்மா. பன்னெண்டு நிமிசம்.

சார்வாள் இது எதையும் கவனிக்கல. அவரு கொரல் ஏறிக்கிட்டே போவுது.

"மேல மேல போறேன்வே. பேரு கேக்க கேக்க அப்பன் பேரப் போட்டுக்கிட்டே போறேன். கடைசியில உலகத்துலயே மொதல் மனுசன்கிட்ட வந்து நின்னுட்டேன். அவனுக்கு அப்பனே கெடையாது. கடைசிப் பேருக் கட்டம் காலியாக் கெடக்கு. வெப்சைட்டு ஆடிப்போச்சு. நாடு பூரா ஒருத்தனுக்கும் தொறக்கல. அந்த வருசம் கடைசித் தேதியத் தள்ளி வச்சாங்கல்லா? எதுக்குன்னு நெனச்சீரு? எனக்காகத்தான்."

சிஸ்டர் என் கையிலருந்து போனப் புடுங்குனாங்க. "யக்கா, நம்பர் சொல்ல வேண்டாம். அவரு காத மட்டும் பாருங்க. வலது காதுல பஞ்சு வச்சிருப்பாரு. அதுக்குக் கீழ ஒரு தையல் இருக்கும். சின்னப்புள்ளையில தென்னமரத்துலருந்து விழுந்தது. அந்தக் காதுக்குத்தான் மெசின் வாங்கப் போறோம். அந்தப் பணத்துக்குத்தான் இந்த நம்பரு. நீங்க சொல்லலைன்னா எப்ப வரும்னு தெரியாதுக்கா. பஸ்காரன் அடிக்கிற ஹாரன்கூட அவருக்குக் கேக்காது."

ஆட்டோ ஓடுற சத்தம் மட்டும் கேட்டுது. நான் செவத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தேன்.

"பஞ்சு இருக்கு"ன்னாங்க அந்தம்மா. "தையலும் இருக்கு. எழுதிக்கிடுங்க. நாலு, ஒண்ணு, ஒம்பது, ஒம்பது, ரெண்டு, ஏழு."

நான் அடிச்சேன். சக்கரம் சுத்துச்சு, சுத்துச்சு. இந்த எளவெடுத்த நெட்டு அன்னைக்குன்னு பாத்து ஆமயா நகருது. அப்புறம் பச்சை டிக் விழுந்துது. வெரிஃபை ஆயிட்டு.

சிஸ்டர் அப்படியே ஸ்டூல்ல உக்காந்து முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டாங்க. போன்ல அந்தம்மாகிட்ட, "அவரப் பையப் போகச் சொல்லுங்கக்கா"ன்னாங்க. "சொன்னா கேக்காதே, முதுகுல தட்டுதேன்"னுச்சு அந்தம்மா.

"என்ன செஞ்சேன்னு கேளும்," சார்வாள் குத்தாலம் அண்ணாச்சி தொடையில தட்டுனாரு. "அந்தக் காலிக் கட்டத்துல ஒரே ஒரு புள்ளி வச்சேன். அவ்வளவுதான். ஒத்துக்கிட்டு. நாடு பூரா வெப்சைட்டு தொறந்துக்கிட்டு. பெங்களூர்லருந்து பெரிய ஆபீசர் போன் போட்டாரு. யாரு சார் அந்தப் புள்ளிய வச்சது, வந்து எங்க சீட்டுல உக்காருங்கன்னு. தாமிரபரணியில குளிச்ச ஒடம்பு, பைப்புத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்லிட்டேன்."

"சார்வாள்." நான் கூப்புட்டேன். எனக்கு வந்த கோவத்த அடக்கித்தான் பேசுனேன். "சிஸ்டரோட ரிட்டர்ன நீங்க வெரிஃபை பண்ணவே இல்ல. ரீஃபண்ட் எந்தப் பூட்டன்கிட்டயும் நிக்கல. இங்கதான் நிக்கி, ஒரு மாசமா. இன்னைக்கு விட்டிருந்தா அபராதம்."

சார்வாள் காலி டீ கிளாஸ எடுத்து ஒரு வாய் குடிச்சாரு. கிளாஸக் கீழ வைக்கதுக்குள்ள சமாளிச்சுக்கிட்டாரு.

"வெரிஃபையா? எனக்குத் தெரியாமயா இருக்கும்? நான்தான் வேணும்னே விட்டேன். ரிட்டர்ன்னா என்ன, போட்ட ஒடனே எடுக்கதா? எலுமிச்சங்கா ஊறுகா மாதிரி ஒரு மாசம் ஊறணும் யம்மா. ஊறுனாத்தான் வட்டி ஏறும். நாப்பத்து மூணு ஐம்பதா வரும், பாரு. இந்த நுணுக்கம் இந்தியாவுலயே மூணு பேருக்குத்தான் தெரியும், அதுல ரெண்டு பேரு பேசுதத நிறுத்திட்டாங்க."

குத்தாலம் அண்ணாச்சி வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள ஜெபமணி சிஸ்டர் முந்திக்கிட்டாங்க. அவங்க கொரல்ல கோவம் இல்ல, வார்டுல நோயாளிகிட்ட எத்தனை நாளா வலிக்குன்னு கேப்பாங்களே, அப்படிக் கேட்டாங்க.

"சார்வாள், உங்க சொந்த ரிட்டர்ன் போடும்போது கடைசியில ஓடிபி அடிப்பீங்களா?"

சார்வாள் அவரோடத யாரையும் பாக்க விட மாட்டாரு. பாஸ்வேர்டு தெரிஞ்சிரும்னு திரைய மறைச்சுக்கிட்டு அவரே போட்டு, அவரே மூடுவாரு. அவரு சிஸ்டரப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. மொதல் கம்ப்யூட்டர்ல பச்சை டிக்கு இன்னும் அப்படியே நின்னுது. அதயும் பாத்தாரு.

"அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னு கேட்டாரு.

"எத்தனை வருசமாப் போடுதீங்க?"

"ஆறு வருசமா."

குத்தாலம் அண்ணாச்சி தொறந்த வாய மூடிக்கிட்டாரு. சார்வாள் சொன்ன ஒரு பேச்ச அவரு மறுகேள்வி கேக்காம நம்புனது அன்னைக்குத்தான்.